வலிக்கு ஓர் எண்

மார்ச் 3, திங்கள்

பித்தப்பையை எடுக்கத் தொப்புளில் ஒரே துளை போதுமா, வழக்கம்போல நான்கு துளை வேண்டுமா, எதில் நோயாளி சீக்கிரம் தேறுகிறார் என்று பெரிய டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார். முறைக்கு முப்பது பேர். வலி எவ்வளவு, எப்போது எழுந்து நடந்தார், எப்போது வேலைக்குத் திரும்பினார் என்று கேட்டு எழுதுவது வார்டு நர்ஸான என் தலையில். இருக்கிற வேலை போதாதென்று.

மார்ச் 6

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். ஏழாம் கட்டில் தையல்காரம்மா ரவுண்ட்ஸில் "ஒண்ணுதான் டாக்டர்" என்றார். டாக்டர் நகர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை பிய்த்துக்கொண்டு போகிறது என்றார். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காற்று செய்கிற வேலை, இரண்டு நாளில் போய்விடும் என்றேன். எண் கேட்டேன். ஏழு.

எதை எழுத?

மார்ச் 7

ஏழு என்று எழுதினேன். ஜூனியர் டாக்டர் அதை அடித்துவிட்டு ஒன்று போட்டிருக்கிறார். ரவுண்ட்ஸில் சொன்னதுதான் கணக்காம்.

மார்ச் 12

ஒரே துளைக்காரர்கள் எல்லாரும் ஒன்று, இரண்டு. அதுதான் டாக்டரின் செல்லம் என்று வார்டுக்கே தெரியும். கேட்கும்போதே சிரித்துக்கொண்டு "வலி விட்டுடுச்சுல்ல?" என்கிறார். வேறென்ன பதில் வரும்? வீட்டில் புலம்பினால், சொன்னதை எழுதிவிட்டுப் போயேன், உனக்கென்ன வந்தது என்கிறார் இவர். எனக்கென்ன வந்ததா? ராத்திரி பகலாய் அவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது யாராம்?

மார்ச் 13

தலைவலி. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 19

பள்ளிக்கூட வேன் டிரைவர் திரும்பி வந்துவிட்டார். ஒரே துளை, இன்று ஒன்பதாம் நாள். தொப்புளில் சீழ், நல்ல காய்ச்சல். ஐந்தாம் நாள் காட்ட வந்தபோதே வலி இருந்ததாம். என் ஏட்டில் அன்றைக்கு "ஒன்று" என்று இருக்கிறது. என் கையெழுத்துதான். கூட்டம், அவசரம், தனியாகக் கேட்காமல் விட்டுவிட்டேன். சே, என்னத்த நர்ஸ் நான்.

டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. இன்னும் விடலைன்னு எப்படிங்க சொல்றது?"

டாக்டர் குனிந்து கட்டைத் தானே பிரிக்க ஆரம்பித்தார்.

மார்ச் 20

டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — தையல்காரம்மாவின் ஏழு, அடித்து எழுதியது, டிரைவரிடம் நான் கேட்காமல் விட்டது. அப்படியென்றால் இதுவரை எடுத்த இருபத்திரண்டு பேரின் எண்களும் குப்பையா என்று எரிந்து விழுந்தார். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார்.

இனி இந்த வார்டில் இருப்பேனோ மாட்டேனோ.

மார்ச் 24

புது ஏடு. முதல் ஆளிலிருந்து மறுபடி ஆரம்பம். டிரைவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர், "நீங்க கேளுங்க சிஸ்டர், நான் வெளிய நிக்கிறேன்" என்றார். மூன்றாம் கட்டில், ஒரே துளை. அந்தம்மா குரலைத் தாழ்த்தி ஆறு என்றார். கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்ட திரைக்குக் கீழே டாக்டரின் செருப்பு தெரிந்தது. நகரவில்லை.

ஆறு என்றே எழுதினேன்.