அக்கா பறித்துத் தந்த புதினா

மார்ச் 4

காலையெல்லாம் மூடுபனி. அணுமின் நிலையக் கோபுரம் எது, அதன் ஆவி எது, மேகம் எது என்றே தெரியவில்லை. வேலியோரம் புல் அறுத்துப் பையில் கட்டினேன். சுற்றுவட்டாரச் செடிகளில் கதிர்வீச்சு படிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

கடைசியாக அக்கா வீட்டுத் தோட்டம். நான் போவதற்குள் புதினாவைப் பறித்துச் சுவர்மேல் வைத்திருந்தாள். "வெறுங்கையால தொடாதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றேன். "ரொம்ப அலட்டாத, எடுத்துட்டுப் போ" என்றாள், தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்தே. பனியில் நின்றபடி பாதி கரைந்துபோனவள் மாதிரி இருந்தாள். சோம்பலில் அதையே எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 5

புதினாவில் கதிரியக்க அயோடின்.

அணு உலை கசிந்தால் வருவது அது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா நாள் முழுக்க அந்தத் தோட்டத்தில்தானே கிடக்கிறாள்? ஆய்வக அதிகாரி, "பதறாத. முதல்ல அக்கம்பக்கத்து இலையெல்லாம் பாரு" என்றார்.

மார்ச் 6

பக்கத்து வீட்டு ரோஜா இலை, வேலியோரப் புல், பள்ளிக்கூடத்துப் புல் — எதிலும் இல்லை. காற்றில் வருவது ஒரு வீட்டை மட்டும் தேடிப் போகுமா?

ஈயப் பெட்டிக்குள் இலைகள். கதிர்வீச்சை அளக்கும் இயந்திரத்தின் ஒரே சீரான முனகல். கண் சொக்கிவிட்டது. கனவில் நான் நெருங்க நெருங்க அக்கா பனிக்குள் பின்வாங்கிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 7

அதே செடியில் கையுறை போட்டு நானே பறித்து அளந்தேன். சுத்தமாக இருக்கிறது.

அப்படியென்றால் செடியில் இல்லை. பறித்த கையில்.

அந்த அயோடினை ஆஸ்பத்திரியிலும் கொடுப்பார்கள். கழுத்துச் சுரப்பியில் புற்றுநோய் வந்தவர்களுக்கு. வியர்வையில்கூட வெளியே வரும். ஐயோ, இது எனக்கு ஏன் முதலிலேயே தோணல?

ஓடினேன். வாசலிலேயே கை நீட்டித் தடுத்தாள். "அங்கயே நில்லு."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்குவ. டாக்டர் கொஞ்ச நாளைக்கு யாரையும் கிட்ட விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

தெருவில் நின்றே அழுதேன். அவள் வாசலில் நின்று அழுதாள். நடுவில் ஒரு பூனை எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

மார்ச் 8

அதிகாரியிடம் உலைமேல் தப்பில்லை என்றேன். நிம்மதியாகச் சிரித்தார். என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 9

அக்காவுக்குப் புற்று இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். சில மாதம் கழித்து மறுபடியும் அந்த மருந்து. மறுபடியும் தள்ளி நிற்க வேண்டும். இந்த முறை ஆஸ்பத்திரி வாசல்வரை நானும் போவேன்.

அதுவரை தடையில்லை. மத்தியானம், அக்காவின் கட்டில். என் வலது தோளில் தலை வைத்துத் தூங்குகிறாள், குறட்டை வேறு. அசைந்தால் எழுந்துவிடுவாள். இதை இடது கையால் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன்.