சாமி மரம் நின்ற சரிவு

செலண்டார்த் தோட்டம்,
2-8-1926

அன்புள்ள பராசக்திக்கு,

உன் இருமல் விட்டதா? சமையற்காரன் கையால் வயிறு கெட்டதைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன் என்று நீ மலாக்கா டவுனில் போய் இருந்து ஒரு வருஷமாகிறது. கணக்கெழுதுகிற மற்றக் கிராணிமார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இனி வராமல் இருக்க உனக்கு ஒரு சாட்டும் இல்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு மேலேயுள்ள குன்றை வெட்டி, அங்கே நமக்குப் புது வீடு கட்டித் தரத் துரை சம்மதித்துவிட்டார்.

இந்தத் தோட்டத்தில் மிஞ்சிய கடைசிக் காடு அதுதான். யாழ்ப்பாணத்தார் சங்கத்தில் நான் செய்யப்போகும் பிரசங்கமும் இதைப் பற்றியதே. சுல்தான்மார் காலத்தில் கடற்கரை வரை காடு. பறங்கியும் ஒல்லாந்தனும் அதைப் பெரிதாகத் தொடவில்லை. பிறகு சீன முதலாளிமார் மரவள்ளி போட்டார்கள். மாவு காய்ச்ச மிச்ச மரத்தையும் விறகாக்கினார்கள். மண் செத்து லாலாங் புல் ஏறியது. அந்தப் புல்லை அழித்து வரிசை பிடித்து ரப்பர் வைத்தவர்கள் நாங்கள். நானூறு வருஷச் சோம்பலுக்கு முடிவு கட்டுகிறவன் உன் புருஷன் என்று பெருமைப்படு.

உன்,
கனகரட்ணம்


மலாக்கா,
9-8-1926

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் விட்டிருந்தது. உங்கள் பிரசங்கத்தை வாசித்ததும் திரும்பி வந்துவிட்டது.

நாங்கள் ரப்பர் வைத்தோம் என்கிறீர்கள். நீங்கள் எந்தக் குழியை வெட்டினீர்கள்? மரவள்ளிக்காரன் மண்ணைக் கெடுத்தானாம். ரப்பர் மரத்தடியில் ஒரு புல் முளைக்க விடாமல் மண்ணைச் சுரண்டச் சொல்கிறவர் நீங்கள். மழைக்குச் சிவப்பு மண் எல்லாம் ஆற்றில் போகிறது. அதையும் பிரசங்கத்தில் சேருங்கோ, சங்கத்தார் கை தட்டட்டும்.

நான் வந்தது படிப்பிக்க மட்டுமல்ல. காய்ச்சலில் கிடந்த என்னை லயத்து முனியம்மா இரவு பகலாகப் பார்த்தாள். நான் எழும்பின அன்றைக்கே, அவள் எங்கள் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள் என்று பிடித்து வெளியே தள்ளினீர்கள். அதை மறக்க ஒரு வருஷம் போதவில்லை. ஆனாலும் அந்தச் சனங்களை மனிதராக நடத்துவீர்களானால் வருவதைப் பற்றி யோசிப்பேன்.

குன்றை யார் வெட்டுகிறார்கள்? அதற்கு நேர் கீழேதானே லயம்?

பராசக்தி


செலண்டார்த் தோட்டம்,
6-9-1926

அன்புள்ள பராசக்திக்கு,

காடு வெட்டுவது மலாய்க்காரர் தொழில். நான் அந்தச் செலவை மிச்சம் பிடித்துத் துரையிடம் நல்ல பெயர் எடுக்க நம் தமிழ்க் கூலிகளையே இறக்கினேன். சரிவில் மரங்களை ஒவ்வொன்றாகச் சாய்ப்பதில்லை. எல்லாவற்றையும் பாதி வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியில் நிற்கிற பெரிய மரத்தைக் கடைசியில் தள்ள வேண்டும். அது அடுத்ததில் விழும், அது அதற்கடுத்ததில் விழும், சரிவு முழுவதும் ஒரே மூச்சில் படுத்துவிடும்.

வேலை தொடங்குமுன் பூசை வேண்டும் என்றார்கள். இந்தக் கூட்டத்தை மயக்க ஒரு தேங்காய் போதும் என்று, ஆகப் பெரிய மரத்தை நானே காட்டி, மஞ்சள் துணி கட்டிக் கற்பூரம் கொளுத்தினேன். அது உச்சி மரம். இப்போது சரிவெல்லாம் பாதி வெட்டில் நிற்கிறது. உச்சி மரத்தில் கோடாலி வைக்க ஒருவனும் இல்லை. “ஐயா, நீங்கதானே அதுல சாமிய ஏத்தி வச்சீங்க, இப்ப வெட்டச் சொன்னா எப்படிலா?” என்கிறான் கங்காணி வீராசாமி. மூடர்கள். மலாய்க்காரரைக் கூப்பிட்டால், வேறு ஆள் பாதி வெட்டிய காட்டில் கால் வைக்க மாட்டோம் என்கிறார்கள். துரைக்கு இன்னும் சொல்லவில்லை.

உன்,
கனகரட்ணம்


மலாக்கா,
10-9-1926

அத்தானுக்கு,

சாமியை ஏற்றியவர் நீங்கள், கோடாலியையும் நீங்களே எடுங்கோ. தான் நம்பாத சாமியைக் காட்டி ஆளை ஏய்க்கப் போய் அகப்பட்டுக்கொண்டவர் அவர்களை மூடர் என்கிறார். வெட்கமாக இல்லையா?

இது கடல் தாண்டிச் சூறையாக வரும் சுமத்திராக் காற்று அடிக்கிற காலம். ஆள் வெட்டித் தள்ளினால் மரத்தை லயம் இல்லாத பள்ளத்தின் பக்கம் விழுத்தலாம். காற்றுத் தள்ளினால் லயத்தின் மேல்தான் விழும். இன்றைக்கே சனங்களை ரப்பர் உலர்த்துகிற புகைக்கொட்டகைக்கு மாற்றுங்கோ. துரையிடம் உள்ளதைச் சொல்லுங்கோ. இவ்வளவையும் செய்தால், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் வருகிறேன். புது வீடு வேண்டாம், பழையதே போதும். இது சத்தியம்.

பராசக்தி


செலண்டார்த் தோட்டம்,
20-9-1926

அன்புள்ள பராசக்திக்கு,

கடவுள் நம் பக்கம். வியாழன் விடியற்காலை அடித்த காற்றில் அந்தச் சாமி மரமே முறிந்து, சரிவு முழுவதும் படுத்துவிட்டது. லயம் பாதி நசுங்கியது. நல்ல காலம், ஆட்கள் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கப் போயிருந்தார்கள். உள்ளே தூங்கின பிள்ளையைத் தூக்க ஓடின ஒரு கூலிப் பெண்ணுக்கு மட்டும் காலில் அடி. பிள்ளை சுகம்.

நீ சொன்னபடி ஆட்களை மாற்ற யோசித்துத்தான் இருந்தேன். மாற்றினால் ஏனென்று துரை கேட்பாரே. இப்போது எல்லாம் காற்றின் செயல் என்று சொல்லிவிட்டேன், அவரும் நம்பிவிட்டார். எப்போது வருகிறாய்? கார் அனுப்பட்டுமா?

உன்,
கனகரட்ணம்


மலாக்கா,
23-9-1926

கனகரட்ணம் அவர்களுக்கு,

அந்தக் கூலிப் பெண் முனியம்மா. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நேற்று முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். யாரென்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். “வண்டில ஏத்தும்போது ஐயா பக்கத்துலதாம்மா நின்னாரு” என்று அவளே சொல்லிவிட்டாள்.

பாதி வெட்டு, பூசை, நீங்கள் மறைத்தது எல்லாவற்றையும் துரைக்கு எழுதிவிட்டேன். வீராசாமி சாட்சி சொல்கிறான். உங்கள் வேலை போகும். அப்போது போக்கிடம் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருவீர்கள்.

வந்து கதவைத் தட்டாதீர்கள். இனி முனியம்மா என்னோடுதான் இருப்பாள். அவளால் எழுந்து வந்து திறக்க முடியாது. நான் திறக்க மாட்டேன்.

பராசக்தி