இரண்டு விரல்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் சிநேகிதியின் கணவர் கொண்டுவந்த விஸ்கி பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. உன் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அனுப்பியிருந்தாய். பாட்டிலை அப்பா எடுத்துக்கொண்டார், ஸ்வெட்டரை நான் எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் சந்தோஷம்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் பேசும்போது அப்பா நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதற்குள் அவரே உனக்கு அத்தாட்சி கொடுத்துவிடுகிறார். அதனால் இனி எழுதலாம் என்று இருக்கிறேன். பதிலை நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அனுப்பு. அங்கே பாடப்புத்தகங்களில் பிழை திருத்துகிற பெண்ணின் தபாலை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அப்பாவின் கால் வீக்கத்துக்காகப் போன வாரம் டாக்டரைப் பார்த்தோம். இதயம் களைத்திருக்கிறதாம். தன் கையெழுத்தைப் போலவே பேசுகிற மனிதர் அவர், பாதி புரியாது. கிளம்பும்போது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார்: "தண்ணியக் குறைச்சுக்கங்க." எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உன் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். சாயங்காலம் அப்பா ஸ்டூல் போட்டு அதை இறக்கினார். கிளாஸில் ஊற்றிக்கொண்டு, வழக்கமாகப் பக்கத்தில் வைக்கும் தண்ணீர் ஜாடியை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார்.

"டாக்டர் தண்ணியக் குறைக்கச் சொன்னது காதுல விழலையா? இனிமே ராவாத்தான்."

மறுநாள் நான் மட்டும் டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்பா புரிந்துகொண்டதுதான் சரி, அக்கா. அவர் சொன்னது குடிநீரைத்தான். உடம்பில் நீர் தங்குகிறது, அதனால் ஐஸும் கூடாது. மற்ற தண்ணியை அடியோடு விட்டால் நல்லது, முடியாவிட்டால் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம் என்றார்.

யார் விரல் என்று அவர் சொல்லவில்லை. அப்பா தன் கையை நீட்டினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை, உனக்குத் தெரியும், அந்த இரண்டு விரலுக்குக் கிளாஸே நிரம்பிவிடும். நான் சட்டென்று என் விரலைக் கிளாஸோடு ஒட்டி வைத்து, "இந்த ரெண்டு விரல்" என்றேன். அவர் என் கையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். இவ்வளவு சுலபமாக அப்பா எதற்கும் சரி என்றதில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இப்போது தினமும் சாயங்காலம் நான் போய் விரல் வைத்தால்தான் குடிக்கிறார்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
குட்டி


பிப்ரவரி 24

என் செல்லக் குட்டிக்கு,

உன் கடிதத்தை ரயிலில் படித்து, தனியாகச் சிரித்து, எதிரில் இருந்தவரைப் பயமுறுத்திவிட்டேன். அப்பா அப்பாதான்.

அத்தானிடம் சொன்னேன். அவர் பெரிய விஷயம் தெரிந்தவர் மாதிரி, ராவாகக் குடிப்பது நாக்கைச் சுடுகிற வேலை, சொட்டு நீர் விட்டால்தான் அதன் வாசனை விரியும், ஐஸ் போட்டால் வாசனை மூடிக்கொள்ளும் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். வாசனை விரிந்து அப்பாவுக்கு ஆகப்போவது என்ன? இங்கே இது ஒரு படிப்பு, அங்கே அது ஒரு சாயங்காலம்.

நீ ஏன் தினமும் போய் நிற்க வேண்டும்? இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடி இருக்குமே, அதில் ஊற்றிக்கொள்ளச் சொல். உனக்கு எதையும் சிக்கலாக்கிக்கொள்கிற குணம், நிறையப் படித்தால் அப்படித்தான் போல.

அம்மாவின் மோதிரத்தை நேற்றுத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். இன்னமும் கச்சிதமாக இருக்கிறது. நாம் இருவரும் வாரத்துக்கு ஒருத்தியாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோமே, ஞாபகமிருக்கிறதா?

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

அளவு மூடியைக் கொடுத்துப் பார்த்தேன். அப்பா அதை மோந்து பார்த்து, இதில் இருமல் வாசனை வருகிறது என்று ரேடியோவின் மேல் வைத்துவிட்டார். இன்னும் அங்கேயே இருக்கிறது. மாடியில் குடியிருக்கும் கம்பவுண்டர் தானே அளந்து ஊற்றுவதாகச் சொன்னார். அப்பா அவருடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஊசி போடுற கை" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும், சின்னவள் விரல் வைக்காமல் எனக்கு ஒரு சொட்டு இறங்காது என்று பெருமையாகச் சொல்கிறார். அவர்களும் என்னைப் பார்த்து நெகிழ்ந்து போகிறார்கள். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்கிறார்கள்.

தெருவிளக்கு எரிகிற நேரத்தில் நான் வீட்டில் இருந்தாக வேண்டும். என்னோடு படித்தவளின் கல்யாண வரவேற்புக்குப் போனேன். எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், அதுதான் தொல்லை. கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு, மூடி திறக்காத பாட்டிலோடு, எவ்வளவு நேரமானாலும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். திட்டினால் திருப்பித் திட்டலாம். உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேறு ஊரில் ஒரு அகராதி அலுவலகம் இருக்கிறது. அங்கே வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. பேச்சில் புழங்கும் ஒரு சொல்லை எடுத்து அதற்குப் பொருள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நான் எந்தச் சொல்லை எடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். தண்ணி: நீர். மது. தண்ணி காட்டு: பிடிகொடுக்காமல் அலையவிடு. தண்ணி தெளித்து விடு: இனி நம் பொறுப்பில்லை என்று கைகழுவி விடு. டாக்டர் கதையையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருந்தேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஏப்ரல் பாதியில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா, நாள் முழுக்கச் சொற்களோடு உட்கார்ந்திருக்கிற வேலை அது. எனக்கு வேறெதுவும் இவ்வளவு வேண்டும் என்று தோன்றியதில்லை. அப்பாவைச் சில மாதம் நீ அழைத்துக்கொள்ள முடியுமா? அல்லது நீ வந்து இருக்க முடியுமா? முடியாது என்றால் முடியாது என்றே எழுது.

குட்டி


மார்ச் 26

என் குட்டிக்கு,

அகராதியில் வேலையா! அத்தானிடம் சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டார். நீ சின்ன வயதிலேயே யார் என்ன சொன்னாலும் அதற்கு இன்னொரு அர்த்தம் சொல்வாய்.

ஆனால் இந்த வருஷமே போக வேண்டுமா? பெரியவனுக்குப் பரீட்சை. வீட்டில் இருப்பது இரண்டே அறை. இந்தக் குளிரை அப்பா தாங்க மாட்டார். முடியாது என்று நான் சொல்லவில்லை, இப்போது முடியாது என்கிறேன். அப்பா உன் கையில்தான் இருக்கிறார், குட்டி. அந்தப் பாக்கியம் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறு, எல்லாம் தானாகச் சரியாகும்.

இதோடு அப்பாவுக்கு ஒரு புதுப் பொருள் அனுப்பியிருக்கிறேன். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், கல்லேதான். பிரீசரில் வைத்து எடுத்துக் கிளாஸில் போட்டால் ஐஸ் போலக் குளிரும், ஆனால் கரையாது, ஒரு சொட்டு நீர் சேராது. டாக்டரும் திட்ட முடியாது, அப்பாவும் முனக முடியாது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

கல் வந்தது. அப்பா அதைக் கிளாஸில் போட்டுக் கிணுகிணு என்று ஆட்டிப் பார்த்தார். "பெரியவ மூளையே மூளை" என்றார். பக்கத்தில் இருந்துகொண்டே எதிலும் கரையாமல் இருக்கிற பொருளை நீ எங்கே தேடிப் பிடித்தாய் என்று எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். நான் நின்றுகொண்டிருந்தேன், அவர் எப்போதும்போல நாற்காலியில். சம்பளம், ஊர், தங்குமிடம் எல்லாம் விசாரித்தார். அங்கே பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"தாராளமாப் போ. உன்னை யாரு புடிச்சு வச்சிருக்கா?"

அப்படிச் சொல்லிவிட்டுக் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல விரலை வை."

வைத்தேன், அக்கா. ஊற்றினேன். அவர் குடித்து முடிக்கும் வரை வழக்கம்போல எதிரில் உட்கார்ந்திருந்தேன். கிளாஸில் நகம் பட்டுக் குளிர்ந்தது. கை என்னுடையதாகவே தோன்றவில்லை. அது அந்த வீட்டுச் சாமான்களில் ஒன்று.

மறுநாள் அச்சகத்திலிருந்து வரும் வழியில் சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன். நான் அதெல்லாம் பூசுகிறவள் இல்லை என்று கடைக்காரப் பெண்ணுக்கே தெரியும், விரலுக்கா காலுக்கா என்று கேட்டாள். அப்பாவின் கிளாஸைக் கழுவித் துடைத்து, என் இரண்டு விரலையும் வைத்து, அதன் மேல் விளிம்பில் ஒரு கோடு போட்டேன். அப்பா பார்த்தார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். காலையிலும் மாலையிலும் கம்பவுண்டர் வந்து பார்ப்பார். சமைக்க ஆள் வைத்திருக்கிறேன். மாத்திரை நேரமெல்லாம் சமையலறைச் சுவரில் இருக்கிறது. உன்னை வரச் சொல்லவில்லை. நான் இல்லை என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

குட்டி


மே 5

அடியே குட்டி,

எனக்கே தண்ணி காட்டிவிட்டாயே. உன் மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. அத்தானே டிக்கெட் போட்டுக் கொடுத்தார். வந்து ஒரு வாரம் ஆகிறது.

அப்பாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நீ போனதும் நன்றாகத்தான் இருந்தாராம். தினமும் அவரே எழுந்து கிளாஸ் எடுத்து, உன் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழேயே ஊற்றிக்கொண்டு, தானே கழுவியும் வைத்தாராம். கம்பவுண்டர் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார். ஆனால் நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே அப்பா அந்தக் கோட்டைச் சுரண்டிவிட்டார், குட்டி. நகத்தால், உட்கார்ந்து, பொறுமையாக. பிறகு கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

வைத்தேன். "உன் விரல் வெளிநாட்டு விரல், சரியா வராது" என்கிறார். ஆனாலும் தினமும் வைக்கச் சொல்கிறார். வைத்தால் குறை சொல்கிறார். முனைக் கடை வரைக்கும்கூட என்னால் போக முடியவில்லை. விளக்கு எரிகிற நேரத்தில் அவர் எதிரில் இருந்தாக வேண்டும். நீ எப்படி இத்தனை காலம் இருந்தாய்? என்னிடம் ஏன் இன்னும் உரக்கச் சொல்லவில்லை?

உன்னைப் பற்றி யார் கேட்டாலும், "சின்னவளுக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்கிறார். சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறார்.

என் லீவு முடியப்போகிறது. ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போ. நீ சொன்னால் கேட்பார். வருவாயா?

அக்கா


மே 14

அன்புள்ள அக்கா,

நீ வீட்டுக்குப் போனது எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே.

நான் வரவில்லை. வந்தால் கிளாஸை நகர்த்துவார், நான் விரலை வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். கம்பவுண்டர் சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய், அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துப் பார்.

நகப்பூச்சு என் மேஜையின் இழுப்பறையில், வலது பக்கம் இருக்கிறது. அம்மாவின் மோதிரம் உனக்கும் எனக்கும் ஒரே அளவு. உன் விரலே போதும். கோடு போடு, இந்தத் தடவை நேராக. போட்டுவிட்டு, காய்வதற்குக் காத்திருக்காமல், நீயும் கிளம்பு. அவர் முனகுவார். வாசலைப் பார்ப்பார். பிறகு எழுந்து ஊற்றிக்கொள்வார்.

அப்பா சொன்னதை அகராதியிலும் சரிபார்த்தேன். தண்ணி தெளித்து விடு என்பதில் கடைசியில் இருப்பது 'விடு' என்கிற சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லாரும் நல்லவர்கள், அதிகம் பேசமாட்டார்கள். சாயங்காலம் டீ வரும். நேற்று ஒருவர் என் கையைக் காட்டி, ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். டீ கிளாஸின் பக்கத்தில் என் இரண்டு விரல்கள் ஒட்டிச் சேர்ந்து, படுக்கை வாட்டில், தாமாகவே நின்றுகொண்டிருந்தன. வெளியே தெருவிளக்கு எரிந்திருந்தது. ஏ.சி. குளிருகிறது என்று சொல்லி, விரல்களை உன் ஸ்வெட்டரின் கைக்குள் இழுத்துக்கொண்டேன்.

உன்,
குட்டி