தென்கரையில் அடித்த முளை

திண்டிவனம்
18-8-1957

அன்புத் தங்கை கிருஷ்ணவேணிக்கு,

அண்ணன் பாண்டுரங்கன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நிலக்கடலை மண்டி வேலையில் தலை நிமிர நேரமில்லை. உன் அண்ணி ராஜாமணிக்கு மூட்டுவலி தேவலை. நீயும் மாப்பிள்ளை முருகையனும் எப்படி இருக்கிறீர்கள்?

விஷயம் இதுதான். நம் தென்கரை நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் மண்ணாங்கட்டி நேற்று வந்தான். ஆறு நம் கரையை அறுத்துக்கொண்டு போகிறதாம். கிணற்றுக்கு அந்தப் பக்கமிருந்த கழனி முழுக்கப் போய்விட்டதாம். எதிரே, உங்கள் வடகரையில், புது மணல்திட்டு விழுந்திருக்கிறதாம். அப்பா காலம் முழுக்க நகராத ஆறு இப்போது ஏன் நகர வேண்டும்? "மாப்பிள்ளை கடப்பாறையும் மூங்கில் முளையுமா ஆத்துல எறங்கறாருங்க" என்கிறான். தண்ணீரை என் பக்கம் திருப்பத்தான் முளை அடிக்கிறார் என்று ஊரில் பேச்சாம்.

நான் நம்பவில்லை. ஆனாலும் நீ கவனித்து எழுது.

உன் அண்ணன்,
பாண்டுரங்கன்


கரையாம்பட்டு
விழுப்புரம் தாலுகா
27-8-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நம்பவில்லை என்று எழுதிவிட்டு, கவனிக்கவும் சொல்கிறீர்கள். அதுதான் உறுத்துகிறது.

ஆறு மாறியது மெய்தான். நீங்கள் வந்து பார்த்தால்தானே தெரியும்? சின்னப் பிள்ளையில் நாம் குதித்த மடு தூர்ந்து, முழங்கால் தண்ணீர் நிற்கிறது. ஒரே ஓட்டமாகப் போன ஆறு அகலமாகி, நடுவில் மேடு தட்டி, பிரிந்து பிரிந்து ஓடுகிறது. மேட்டில் முட்டுகிற தண்ணீர் ஒதுங்கிப் போய்க் கரையை அரிக்கிறது. மழை பெய்த மறுநாள் செக்கச் செவேலென்று வருகிறது. குடத்தில் மொண்டு வைத்தால் அடியில் மண் தங்குகிறது. எங்கள் பக்கத்திலும் கோயிலை ஒட்டி இருந்த பனைமரங்கள் சாய்ந்துவிட்டன. இத்தனையும் ஒரு மனிதர் கடப்பாறையால் ஆகிற காரியமா?

அண்ணியை நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லுங்கள்.

தங்கை,
கிருஷ்ணவேணி


திண்டிவனம்
10-9-1957

கிருஷ்ணவேணிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து உன்னுடையது. பேச்சு உன்னுடையதாகத் தெரியவில்லை. மேடு தட்டுகிறது, தண்ணீர் ஒதுங்குகிறது என்பதெல்லாம் உனக்கு எப்போது தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது யார்? முளை அடிக்கிறாரா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

இனி அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எழுது. மண்டி ஆள் தேவசகாயம் அந்தப் பக்கம் வருவான். அவன் கையில் கொடு. தபாலில் போட வேண்டாம்.

பாண்டுரங்கன்


கரையாம்பட்டு
21-10-1957

அன்புள்ள அண்ணனுக்கு,

அவர் இல்லாத நேரத்தில்தான் எழுதுகிறேன். உங்கள் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. காலையில் கடப்பாறையோடு போகிறவர் வெயில் ஏறித்தான் வருகிறார். கேட்டால், "சும்மா போய்க்கினு வர்றேன்" என்கிறார். போன வாரம் இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. வேறு குடும்பம் இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன், உங்களிடம் மறைப்பானேன்.

நேற்று அவர் பின்னாலேயே போனேன். ஆற்றைத் தாண்டி, தென்கரையில், நம் அப்பா நிலத்து ஓரமாக முளை அடித்து, பனைமட்டை செருகிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையாக நாணல் நட்டிருந்தார். உங்கள் கரை மேலும் அரியாமல் இருக்க!

ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்க அண்ணனக் கேக்காம அவரு நெலத்துல கை வச்சா தப்பாப் பேசுவாரு. கேட்டாலும் தப்பாத்தான் பேசுவாரு. அதான் சொல்லல."

இரண்டு நாள் எங்கே போனீர்கள் என்றேன். "ஆத்தோரமாவே மேல நடந்தேன். செஞ்சிப் பக்கம் காடே இல்ல, கிருஷ்ணவேணி. மரம், பொதரு எல்லாத்தயும் வெட்டிட்டு மல்லாட்டை போட்டுக்கினு இருக்காங்க. செடியப் புடுங்கிட்டா தரை மொட்டையா கெடக்குது. அடிக்கற மழைக்கு அவ்ளோ மண்ணும் ஆத்துல வந்து எறங்குது. ஆறு எங்க போவும்? பக்கத்துலதான் பொரளும்."

அந்த நிலக்கடலை வண்டிகளெல்லாம் திண்டிவனம் மண்டிக்குத்தான் போகின்றனவாம். செஞ்சியில் உங்கள் பேரைச் சொன்னார்களா என்று கேட்டேன். அவர் அடுத்த முளையை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
2-11-1957

கிருஷ்ணவேணிக்கு,

ஆக, குற்றவாளி நான்தான் என்று முடிவு கட்டியாயிற்று. காட்டை வெட்டச் சொல்லி நான் யார் கையிலும் அரிவாள் கொடுக்கவில்லை. விளைந்து வந்ததை வாங்குகிறேன். அவ்வளவுதான்.

இன்று என் கரையில் சொல்லாமல் முளை அடிக்கிறவர், நாளை நிலமே தன்னுடையது என்பார். போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முளைகளைப் பிடுங்கி எறியும்படி மண்ணாங்கட்டிக்கும் சொல்லியாயிற்று. உன் மேல் எனக்கு வருத்தமில்லை.

பாண்டுரங்கன்


கரையாம்பட்டு
24-11-1957

அண்ணனுக்கு,

போன வாரம் போலீஸ்காரர் வந்து அவரை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார். மண்ணாங்கட்டி முளைகளைப் பிடுங்கினான். நாணலை அறுத்து மாட்டுக்குப் போட்டான். அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை.

முளை இருந்த இடத்தில்தான் வெள்ளம் உடைத்தது. உங்கள் கிணறு, களம், மண்ணாங்கட்டி குடிசை எல்லாம் போயிற்று. அவன் பெண்டாட்டி கெங்கம்மாள் ஆட்டை அவிழ்க்க உள்ளே போனாளாம். மழை விட்ட பிறகு கீழூரில் கரை ஒதுங்கினாள். எனக்குச் சாணி தட்டிக் கொடுத்த கை அது.

அவரை விட்டுவிட்டார்கள். யார் நிலத்தில் முளை அடித்தாய் என்று கேட்டதற்கு, மச்சான் நிலத்தில் என்றாராம். அவர்களே சிரித்துவிட்டார்களாம். ஊர் வந்தவர் வீட்டுக்குக்கூட வராமல் நேரே ஆற்றுக்குப் போனார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
20-1-1958

அன்புத் தங்கை கிருஷ்ணவேணிக்கு,

பொங்கலுக்கு முன்னால் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. கெங்கம்மாள் காரியத்துக்கு நான் வந்திருந்தேன். ஆற்றைப் பார்த்தேன். நம் நிலம் எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மண்ணாங்கட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் தெரு முனைவரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

தேவசகாயத்திடம் பொங்கல் சீர் அனுப்பினேன். புடவை, மஞ்சள், கரும்பு எல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளைதான் வாங்க வேண்டாம் என்றிருப்பார். தேவசகாயத்தைக் குடைந்து குடைந்து கேட்டேன். "அவரு தென்கரையில நாணல் நட்டுக்கினு இருந்தாருங்க. வூட்ல உங்க தங்கச்சியம்மா மட்டும்தான் இருந்தாங்க. கதவத் தொறந்தாங்க, மூட்டையப் பாத்தாங்க, மூடிட்டாங்க" என்று அதையே சொல்கிறான்.

அவன் பொய் சொல்கிறான் என்று நினைக்கிறேன். பொய்தான் என்று நீ ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
பாண்டுரங்கன்