நாலாவது பக்கம்

அத்தா,

நாளையிலிருந்து உங்கள் பேத்தி புது டேகேருக்குப் போகிறாள். தண்ணீர் பாட்டில், போர்வை, மாற்று உடை எல்லாவற்றிலும் பெயர் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மார்க்கரைத் திறந்ததும் அந்த நெடி ஏறியது. சவூதியிலிருந்து நீங்கள் கொண்டுவந்து இறக்கும் அட்டைப்பெட்டிகளின் நெடி.

அங்கே உங்கள் லேபர் கேம்ப்பில் யார் ஊருக்குப் புறப்பட்டாலும் பெட்டியில் நீங்கள்தான் பெயர் எழுதுவீர்களாம். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று வெள்ளிக்கிழமைகளில் வரிசையில் நிற்பார்களாம். "நாலு பக்கமும் எழுதணும். எப்படிக் கவுத்துப் போட்டாலும் யாரு பெட்டின்னு தெரியணும்ல" என்பீர்கள்.

எல்லாருக்கும் எழுதிக்கொடுத்த நீங்கள், உங்கள் அத்தா மவுத்தானபோது அடக்கத்துக்குக்கூட வரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி, "நெனச்சிருந்தா வந்திருக்கலாம். ஒங்களுக்கு அந்த ஊருதான் பெருசு" என்று கத்தினேன். "பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்கும்மா" என்றீர்கள். ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவன் வாங்கிப் பூட்டி வைப்பான் என்பது எனக்குத் தெரியாது. சாக்கு என்றே நினைத்தேன்.

நான் அமெரிக்கா கிளம்பிய அன்று என் சூட்கேஸ்களிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதினீர்கள். "அத்தா, நான் என்ன லேபர் கேம்ப்புக்கா போறேன்? அங்க டேக் போட்டுத் தருவாங்க" என்றேன். "டேக்கு பிஞ்சு போச்சுன்னா?" என்று சிரித்தீர்கள். ஏர்போர்ட் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் அதைக் கிழித்துப் போட்டேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற நீங்கள் பார்த்தீர்களா என்று இன்றுவரை தெரியாது.

போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டீர்கள்: "எப்ப வர்ற தாயி?"

என் விசா முடிந்திருந்தது. இங்கே வேலை பார்க்கத் தடையில்லை. ஆனால் ஊருக்குப் போனால் பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங் இல்லாமல் திரும்ப முடியாது. அதற்கு அங்குள்ள தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். "போனா மாட்டிக்குவ. ஆபீஸ்ல எத்தன நாள் பொறுப்பாங்க? பாப்பாவ யாரு பாக்குறது?" என்றார் உங்கள் மருமகன். அவர் மேல் பழி போட மாட்டேன். நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொன்னார்.

உங்களிடம், "டிக்கெட் போட்டுட்டேன்த்தா. வர்ற வியாழக்கிழமை" என்றேன்.

"ஜன்னலோர சீட்டா?"

"ஆமாத்தா."

உங்களுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள். மாமா போனைத் தூக்கிப் பிடிக்க, உங்கள் ஜனாஸாவை இங்கே ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டுக் காரேஜில், காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். என் பாஸ்போர்ட் சமையலறை டிராயரில், பாப்பாவின் ஜுர மருந்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த டிராயருக்குப் பூட்டே கிடையாது.

நாற்பதாம் நாள் கழிந்து அம்மா பேசினார். "நீ வர்றேன்னு சொன்ன அன்னிக்கே ஒங்க அத்தா அட்டைப்பெட்டி எடுத்தாரச் சொன்னாக. நீ திரும்பிப் போகையில கொண்டு போறதுக்காம். இடியாப்ப மாவு, பருப்புப் பொடி, புள்ளைக்குப் பாவாடை. ஊசி குத்துன கையாலயே பேரு எழுதுனாக. மூணு பக்கந்தான் முடிஞ்சுச்சு. மிச்சத்த அவ வந்ததும் வியாழக்கிழம எழுதுறேன்னாக. பிரிக்காம வச்சிருக்கேன்."

படமும் அனுப்பினார். என் பெயர் மூன்று பக்கமும் சரிந்து சரிந்து இறங்கியிருந்தது.

இன்று பாட்டிலைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன் போல. "மம்மா, ஒன்ஸ் இஸ் இனஃப்!" என்றாள் பாப்பா. "நாலு பக்கமும் எழுதணும்டா" என்றேன். எப்போதிலிருந்து நான் உங்கள் எழுத்தில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஸ்டாம்பிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் இன்னும் கிடைக்கவில்லை. பெட்டி அங்கேயே இருக்கிறது. நான் கடைசி நேரத்தில் டிக்கெட்டைக் கேன்சல் செய்ததாகவே அம்மா இன்னும் நம்புகிறார். அவரிடம் சொல்லும் தைரியம் இல்லை.

உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். நான் டிக்கெட் போடவே இல்லை அத்தா.