குருகுத்துறைப் படகு நேரப் பிழை குறித்துச் சடங்கு அமைச்சருக்கு

கடல் வற்றாதிருக்க. துறைகள் ஓயாதிருக்க. கலம் ஏறினோர் அனைவரும் கரை சேர்க.

அலைவாய்த் தீவுகளுக்கு உரியவளும், முடி சூடிய பின்னும் துறைமுகப் பள்ளியில் மாணவியாகவே இருப்பவளுமாகிய பவளவல்லி தேவி, அரண்மனைச் சடங்குகளின் அமைச்சர் கூத்தன் மழவரையருக்கு விடுக்கும் ஓலை. உமது இல்லமும் சுற்றமும் நலமாயிருக்க. யாம் நலமாயில்லை, அதற்குக் காரணர் நீரே.

பள்ளிக் கணினி மன்றத்தில் உடன் பயில்வோருக்கு இணையதளம் அமைக்கக் கற்பித்து வருகிறோம் என்பதையும், தீவுகளிடையே ஓடும் படகுகளின் நேரத்தை மக்கள் கைபேசியிலேயே காண்பதற்கான தளம் அது என்பதையும் நீர் அறிவீர். மன்றத்தினுள் மரியாதைகள் வேண்டா என்று உமக்குப் பலமுறை சொல்லியிருந்தோம். நீரோ வேல் ஏந்திய காவலரை எம் நாற்காலிக்குப் பின்னாலேயே நிறுத்தினீர். அரசி தொட்ட விசைப்பலகையைப் பிறர் தொடலாகாது என்றும், அரசி கற்பிக்கையில் எவரும் குறுக்கே பேசலாகாது என்றும் ஆணை எழுதிச் சுவரில் ஒட்டினீர்.

விளைவைக் கேளும். யாம் எதைச் சொன்னாலும், "ஆகட்டும், தேவி" என்பதே மறுமொழி. ஒருநாள் பொறுமை இழந்து, இணையப் பக்கத்தை உப்பில் ஊறவைத்தால் நிறம் ஏறும் என்றோம். அதையும் எழுதிக்கொண்டார்கள். எவரும் சிரிக்கவில்லை. கற்பிப்பவளுக்கு அதைவிடத் துன்பம் உண்டோ?

அடுத்து நேர்ந்தது சிரிப்பதற்குரியதன்று. குருகுத்துறையின் கடைசிப் படகு மாலை நான்கு மணிக்குப் புறப்படுவது. அதை ஆறு என்று தட்டிவிட்டோம், பிழை எமதே. தளம் வெளியானது. அன்று மாலை, தளத்தில் கண்ட நேரத்தை நம்பி, காய்ச்சலில் துவண்ட மகனைத் தோளில் இட்டு ஒரு தாய் அத்துறைக்கு வந்தாள். படகு போய்விட்டிருந்தது. பெருமழையில் காத்திருந்தாள். இறுதியில் ஒரு மீனவர் தம் சிறு வள்ளத்தில், கொந்தளித்த கடலைக் கடந்து அவர்களை மருத்துவரிடம் சேர்த்தார். சிறுவன் பிழைத்தான்.

அவன் எம் வகுப்புத் தோழி உமையாளின் தம்பி. அவ்வூர்ப் படகில் நாள்தோறும் வருபவள் அவள். பிழையைக் காணவில்லையா என்று கேட்டோம். அவள் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்கிறோம்: "பார்த்தேன், தேவி. சொல்லலாம்னு வாயெடுத்தேன். பின்னாடி காவலர் வேலைத் தரையில ஊன்றினாரு. வாய் அடைச்சுப் போச்சு. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

காவலரை வெளியே அனுப்பினோம். உமது ஆணையைக் கிழித்தோம். எம் நாற்காலியில் உமையாளை அமர்த்தினோம். அவளே நேரத்தைத் திருத்தினாள். சற்றுப் பொறுத்து, பின்வரிசை மாணவன் திருமேனி, "தேவி, எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. எங்கப்பாவால படிக்க முடியாது" என்றான். மன்றம் தொடங்கியபின் எம்மிடம் ஒருவர் கண்ட முதற்குறை அது. மகிழ்ந்தோம், எழுத்தையும் பெரிதாக்கினோம்.

இந்நிலையில், நேற்று உமது அறிக்கை வந்தது. அரசியின் பெயருக்கு இழுக்கு வராதிருக்க, பிழை செய்தவள் உமையாள் என்று நாட்டுக்கு அறிவிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர். மழவரையரே, அதை மூன்று முறை படித்தோம். நீர் எம்மேல் கொண்ட அன்பை யாம் ஐயுறவில்லை. அவ்வன்பைத் தாங்கத்தான் எமக்கு வலுவில்லை.

ஆகவே ஆணையிடுகிறோம். பிழை அரசியுடையது என்னும் அறிவிப்பு தளத்தின் முகப்பிலேயே ஏறிவிட்டது. அதில் ஓர் எழுத்தும் மாற்றப்படலாகாது. இனி மன்றத்தில் எம்மை அனைவரும் பெயர் சொல்லி அழைப்பர். அதைக் கேட்க உமக்கு மனம் வாராதெனில், அப்பக்கம் வாராதிரும். இவ்வோலை கண்டவுடன் நீர் பரிவாரமின்றிக் குருகுத்துறைக்குச் சென்று, அத்தாயின் வீட்டில் தரையில் அமர்ந்து, "உம் மகள் பிழை செய்யவில்லை, பிழையைக் கண்டவள் அவளே, அவள் வாயை அடைத்தவன் நான்" என்று உம் வாயால் சொல்லுவீராக.

இது எம் கைப்பட எழுதி, சங்கு முத்திரை பதித்தது. மறுமொழி வேண்டா, சென்று வருக.