மோனிஷாவுக்கு ஒரு புது அட்டை

காந்தல், ஊட்டி
12.9.2011

அன்புள்ள தெய்வம்மாவுக்கு,

நலம்தானே? நெல்லியாளம் பக்கம் மழை விட்டுவிட்டதா? இங்கே துணி காய்ந்து பல நாளாகிறது.

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ஊட்டி ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் தலையோடு காதையும் சேர்த்து மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கனகமணிதான். உங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் செல்போன் சிக்னல் கிடையாது என்று சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மகள் மோனிஷாவின் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்குப் பழைய திட்டத்தில் நாம் வாங்கிய அனுமதி இனிமேல் செல்லாது. அரசாங்கம் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவருகிறது. பயப்பட வேண்டாம். இந்த ஆபரேஷன் அதிலும் உண்டு என்கிறார்கள். ஆனால் முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் உள்ள எல்லோரும் முகாமுக்கு நேரில் வந்து படம் எடுத்து, கைரேகை வைத்தால்தான் புது அட்டை கிடைக்கும். குழந்தைக்கு ஆறு வயது முடியும் முன் ஆபரேஷன் நடந்தாக வேண்டும். வருகிற ஆகஸ்டில் அவளுக்கு ஆறு முடிகிறது. முகாம் தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒன்று கேட்கலாமா? அன்று வரிசையில் நிற்கும்போது மோனிஷா உங்களிடம் கையால் எதையோ நீளமாகச் சொன்னாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என்ன சொன்னாள்? எனக்கு அது மனதிலேயே நிற்கிறது.

அன்புடன்,
கனகமணி


நெல்லியாளம்
30.9.2011

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

தெய்வம்மா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். எங்களை ஞாபகம் வைத்துக் கடிதம் போட்டதற்கு நன்றி. எஸ்டேட் ஆபீஸில் என் பெயருக்குத் தபால் என்றதும் வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன்.

தேயிலை விலை விழுந்து கிடக்கிறது. ஃபேக்டரி தினமும் ஓடுவதில்லை. அதனால்தான் என் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போனார், பனியன் கம்பெனியில் இருக்கிறார். நான் கொழுந்து எடுக்கப் போகிறேன். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பதால் நான் இங்கே.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃபேக்டரி. மெஷின் ஓடினால் சுவர் லேசாக அதிரும். மோனிஷா காலையில் எழுந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அதிர்ந்தால் சிரிப்பாள். ஓடாத நாளில் சுவரைத் தட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள், ஏதோ நான்தான் நிறுத்தி வைத்த மாதிரி.

அன்று வரிசையில் அவள் சொன்னது: கவுண்டரில் இருக்கும் பெரியவர் தூங்கிக்கொண்டே முத்திரை குத்துகிறார், ஒன்று அவர் கையிலேயே விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், உண்மைதான்.

அவரிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பொ. தெய்வம்மா


காந்தல்
23.1.2012

அன்புள்ள தெய்வம்மாவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும். முத்திரை விஷயத்தை அந்தப் பெரியவரிடமே சொன்னேன். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

புதிய திட்டம் வந்துவிட்டது. உங்கள் பகுதிக்குப் பந்தலூரில் பிப்ரவரி நான்காம் தேதி சனிக்கிழமை முகாம். மூன்று பேரும் போக வேண்டும். ரேஷன் கார்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று, இரண்டும் இருந்தால் போதும். பழைய அட்டையைக் காட்டினால் குழம்பிவிடுவார்கள், உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய காது பரிசோதனைக் காகிதங்களைத் தொலைத்துவிட வேண்டாம். அவற்றை வைத்தே மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கைப்பேச்சை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மழைக்கு என்ன செய்வாள்? அட்டைக்கு? அப்பாவுக்கு? நேரம் கிடைத்தால் எழுதுங்கள். வேலைக்காகக் கேட்கவில்லை.

அன்புடன்,
கனகமணி


நெல்லியாளம்
12.2.2012

மேடம் அவர்களுக்கு,

வணக்கம். முகாமுக்குப் போக முடியவில்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த முகாமில் பார்க்கலாம்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளும் நானும் சேர்ந்து உண்டாக்கியது. மழை என்றால் உச்சந்தலையில் விரல்களால் தட்டுவாள். அட்டை என்றால், நீங்கள் எந்த அட்டையைக் கேட்டீர்கள்? எங்களுக்குக் காலில் கடிக்கிற அட்டைதான் தெரியும். கணுக்காலைக் கிள்ளிக் காட்டுவாள். அப்பாவுக்கு ஸ்பேனர் திருகுகிற மாதிரி. அவர் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். பக்கத்து வீட்டுக் கருப்பம்மா அத்தைக்கு வெற்றிலை மெல்வது. உங்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வாள். மஃப்ளர்தான் காரணம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். நாம் மனதுக்குள் நினைப்பதெல்லாம் வார்த்தையாகத்தானே வருகிறது? அவளுக்கு எப்படி வரும்? உங்களிடம் வரும் டாக்டர் யாரையாவது கேட்டுச் சொல்வீர்களா?

இப்படிக்கு,
தெய்வம்மா


காந்தல்
19.3.2012

தெய்வம்மாவுக்கு,

இன்று காலை உங்கள் வீட்டுக்காரர் பொன்ராஜ் திருப்பூரிலிருந்து நேராக என் கவுண்டருக்கு வந்தார். மகளுடைய புது அட்டை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். முகாமுக்கு நீங்கள் வந்திருந்தால் எப்போதோ வந்திருக்கும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏனுங்க தம்பி, பந்தலூர் முகாமைப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்று கேட்டேன்.

“என்னைய யாரும் கூப்பிடவே இல்லீங்களே மேடம். தெரிஞ்சிருந்தா வேலையைப் போட்டுட்டு ஓடியாந்திருப்பேன்” என்றார்.

முகாமைப் பற்றி நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. ஆனால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு எழுதினீர்கள். அவரிடம் நான் ஏதோ சமாளித்து அனுப்பினேன். கடிதம் தவறிப் போயிருக்கும் என்றேன்.

மற்றவர்களுக்காக நான் எத்தனை பேரிடம் கெஞ்சுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் தாண்டினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குழந்தையின் காதோடு விளையாடாதீர்கள்.

கனகமணி


காந்தல்
9.4.2012

தெய்வம்மா,

பதில் இல்லை. போன கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களுக்கும் ஏதோ காரணம் இருக்கும். அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது. திட்டுவதற்காக இல்லை.

கனகமணி


நெல்லியாளம்
22.4.2012

மேடம்,

தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரிடம் சொல்லவில்லை என்பது உண்மை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

பழைய திட்டத்தில் பரிசோதனைக்குக் கோயமுத்தூர் அனுப்பினீர்களே, அன்று அங்கே ஒரு அம்மாவைப் பார்த்தேன். பையனுக்குக் கருவி வைத்து சில மாதமாகிறது. அவன் கையைத் தூக்கி ஏதோ கேட்டான். அந்த அம்மா அவன் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வாயால் சொல்லு, வாயால் சொல்லு என்று அழுதாள். அவனும் அழுதான். ஏன் என்று கேட்டேன். கைப்பேச்சை விட்டால்தான் வாய்ப்பேச்சு வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

நீங்கள் எல்லோரும் மோனிஷாவுக்குப் பேச்சு கொடுக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அவள் இப்போதே நாள் முழுக்கப் பேசுகிறாள், மேடம். மேகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். பொய்கூடச் சொல்கிறாள். அவ்வளவும் புரிகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். அவருக்குப் பாதி புரியும். அந்தப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டுதான் இன்னொன்றைக் கொடுப்பார்கள் என்றால், நடுவில் அவள் எதை வைத்துக்கொண்டு இருப்பாள்? புதுப் பேச்சு வராமலே போய்விட்டால்?

இதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்டால் அடுத்த நாளே ஆபரேஷன் என்பார்.

தெய்வம்மா


காந்தல்
14.5.2012

அன்புள்ள தெய்வம்மா,

உன் கேள்விக்குக் கவுண்டரில் இருந்துகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அன்னூரில் என் தம்பி வீட்டுக்குப் போன கையோடு, கோயமுத்தூரில் அந்தப் பேச்சுப் பயிற்சி நடக்கும் இடத்துக்கே போய் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தேன். (உன்னை நீ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். டீச்சர் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார். சத்தம் காதில் விழுந்தால் குழந்தை ஒரு பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். ஒரு பெண் குழந்தை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, காதுக்கு வெளியே மாட்டியிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தாள். இன்னொரு பையன் வெளியே லாரி ஹாரன் கேட்டு ஜன்னலுக்கு ஓடினான். அதற்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

டீச்சரிடம் கைப்பேச்சைப் பற்றிக் கேட்டேன். “வகுப்புல கூடாதுங்க. காது பழகோணும். ஊட்டுல நீங்க என்ன பேசுறீங்கன்னு நான் வந்து பாக்கப் போறதில்லை” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சத்தியமங்கலத்திலிருந்து வந்த ஒரு அம்மா, தன் மகன் இப்போது வாயால் நன்றாகவே பேசுகிறான், ஆனால் காய்ச்சல் வந்தால் கையால்தான் பேசுவான் என்றார்.

ஒன்றும் போகாது என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். பேச்சு கட்டாயம் வரும் என்று டீச்சரே சொல்லவில்லை. தினமும் பயிற்சி, அதுவும் வருடக் கணக்கில். அதற்கு நீ எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்க வேண்டியிருக்கும். அதையும் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குழந்தை எதில் நினைக்கிறாள் என்று கேட்டாயே, ஒரு டாக்டரைக் கேட்டேன். அவரும் யோசித்தார். தெரியவில்லை என்றார்.

முடிவு உன்னுடையது. கூடலூரில் ஜூன் இரண்டாம் தேதி இன்னொரு முகாம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா கனகமணி


நெல்லியாளம்
6.6.2012

அன்புள்ள அக்காவுக்கு,

கூடலூர் முகாமுக்கு மூன்று பேரும் போனோம். படம் எடுத்தாகிவிட்டது. கைரேகை மெஷின் என் விரலை ஏற்கவே இல்லை, கொழுந்துக் கறை. கடைசியில் சுண்டுவிரலில் விழுந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதக் கடைசியில், பொழுது சாய்கிற நேரம், லயத்துக்குக் கீழே ஒற்றை யானை வந்துவிட்டது. எங்களுக்கு யானை புதிதில்லை. எல்லோரும் கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினோம். கருப்பம்மா அத்தை மகன் வெடி போட்டான். மோனிஷா உள்ளே இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் குழாயடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் யானை. நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன், அக்கா. அவள் சொம்பைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

யானை வெடிச் சத்தத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கியதும், ஏன் தூக்குகிறாய், இன்னும் கழுவி முடிக்கவில்லை என்று கையால் சண்டை போட்டாள்.

மறுநாளே சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய், அவருக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முகாமை மறைத்ததையும். அவர் திட்டவில்லை. மெஷின் ரிப்பேரானால் கேட்பது மாதிரி, வேறு என்னவெல்லாம் பயமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திருப்பூரில் ஒரு ரூம் பார்க்கிறார். அங்கிருந்து கோயமுத்தூர் பயிற்சிக்குப் போய் வரலாம்.

உங்கள் தங்கை,
தெய்வம்மா


காந்தல்
11.6.2012

அன்புள்ள தெய்வம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் எனக்கு வேலை ஓடவில்லை. குழந்தைக்குச் சுற்றிப் போடு.

இனி வேலை விஷயம். அட்டை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். முகாமில் கொடுத்த எண் சீட்டு போதும். அதையும் பழைய பரிசோதனைக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு நேராகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயும் ஒரு கவுண்டர் உண்டு. அனுமதி கேட்டு அவர்களே அனுப்புவார்கள். வயது நெருங்குவதை முதலிலேயே சொல்லுங்கள்.

இங்கே ஏதாவது வேண்டுமென்றால் ஷண்முகப்ரியா என்ற பெண்ணைக் கேள். அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். திட்டம் மாறியதும் ஆட்களும் மாறிவிட்டார்கள், இந்த மாதத்தோடு நான் ஊட்டி கவுண்டரில் இல்லை. சேரிங்கிராஸ் பக்கம் ஒரு ஸ்வெட்டர் கடையில் நிற்கப் போகிறேன். அதனால் என்ன, காந்தல் விலாசம் மாறவில்லை. எனக்கு எழுதுவதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
அக்கா கனகமணி


திருப்பூர்
18.11.2012

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத இத்தனை நாளாகிவிட்டது. ஆபரேஷன் ஜூலைக் கடைசியில் நடந்தது. ஆறு வயது முடியும் முன்பே. நீங்கள் எழுதிய மாதிரியே கோயமுத்தூர் கவுண்டரில் வயதை முதலில் சொன்னோம். அனுமதி சீக்கிரம் வந்தது.

எஸ்டேட் வேலையை விட்டுவிட்டேன், லயத்து வீடும் போய்விட்டது. இங்கே புழுக்கம் தாங்கவில்லை. மோனிஷா முதல் நாளே ரூம் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் பனியன் தைக்கிற மெஷின்கள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

கருவியை முதன்முதலாக ஓட்டிய அன்று ஆஸ்பத்திரி ரூமில் என்னிடம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார்கள். மற்றவர்களிடம் மோனிஷா மோனிஷா என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அவளை நான் வாயால் கூப்பிட்டதே கிடையாது, யானை வந்த அன்று கத்தியதும் வெறும் கத்தல்தான். எந்தக் குரலில் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஏதோ ஒரு குரலில் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்தாள். அதுதான் முதலில் கேட்டிருக்கும் என்றார் கருவியை ஓட்டிய அம்மா.

பயிற்சியில் கருவியைப் பிடுங்கி எறிகிற குழந்தைகளில் இவளும் ஒருத்தி. பெயருக்கு இன்னும் திரும்பவில்லை. வகுப்பில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறேன். பஸ்ஸில் ஏறியதும் அவிழ்த்துவிடுகிறேன். டீச்சருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம். பக்கத்து ரூமில் குக்கர் விசில் அடித்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். காதைத் தொட்டாள். என்னிடம் வந்து, என்ன அது என்று கையால் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் கைப்பேச்சில் எத்தனையோ இருக்கிறது, ஒரு சத்தத்துக்கும் பெயர் இல்லை. எதற்கு வைத்திருக்கப் போகிறோம்? நான் குக்கர் என்று வாயால் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்தாள். மறுபடி விசில் அடித்தது.

அப்போது அவள் ஒரு விரலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, நடுங்க நடுங்க மேலே தூக்கிக்கொண்டே போய், தலைக்கு மேல் ஐந்து விரலையும் சட்டென்று விரித்தாள். விசில் அப்படியேதான் இருந்தது, அக்கா. நானும் செய்து காட்டினேன். இல்லை என்று என் விரலைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நடுங்க வைத்தாள்.

இன்று காலையிலிருந்து என்னைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் நிற்கிறாள். கோழிச் சத்தத்துக்குக் கையால் ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. தண்ணீர் லாரிக்கு ஒன்று. இப்போதும் இழுக்கிறாள், வெளியே என்னவோ கேட்கிறதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னவென்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் தங்கை,
தெய்வம்மா